கம்பி யாருக்குச் சொந்தம்?

ஈப்போவில் இடியும் மின்னலும் புதிதல்ல. மாலையில் மலைப்பக்கம் வானம் கறுத்தால், தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கி வைப்பது கிந்தா பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் ஒரு நாள் மறந்துவிட்டால்?

சிலிபினில் ஒரு வரிசை வீட்டை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது பெட்டி படுக்கையோடு நகரத்துக்கு வந்து, தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு அது. தீபாவளிக்கு மகன் மாதத் தவணையில் ஒரு சவுண்ட்பார் வாங்கித் தருகிறான். தொலைக்காட்சிக்குக் கீழே நீளமாக ஒரு பெட்டி. மூலையில் தரையதிரப் பாடும் சப்வூஃபர். இரண்டுக்கும் இடையே கம்பியே கிடையாது. வீட்டுக்கு வருபவர்கள் எல்லாம் வியந்து பார்க்கிறார்கள்.

ஒரு மாலை, மின்னல் வெட்டுகிறது. நீளப் பெட்டி மாண்டுபோகிறது. மூலைப் பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லை. அதன் விளக்குகூட எரிகிறது. ‘பெரிய பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது, சின்னது மட்டும் வாங்கினால் போதும்’ என்று வேறொரு நிறுவனத்தின் சவுண்ட்பாரை மலிவாக வாங்கி வருகிறார் வீட்டுக்காரர். புதியது பாடுகிறது. மூலைப் பெட்டி வாய் திறக்கவில்லை. பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்.

“பொட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா உங்க புது சவுண்ட்பார் பேசுற பாஷை இதுக்குத் தெரியாது. சொந்தக் கம்பெனி சவுண்ட்பாரோட மட்டும்தான் இது பேசும்,” என்கிறார் கடைக்கார இளைஞர்.

“ரெண்டும் ஸ்பீக்கர்தானே தம்பி?”

“ஸ்பீக்கர்தான் அண்ணே. ஆனா சாவி அவங்ககிட்ட இருக்கு.”

பழுதே இல்லாத ஒரு பொருள், அன்று முதல் பூந்தொட்டி வைக்கும் மேடையாகிறது. தவணை மட்டும் இன்னும் ஆறு மாதம் ஓடுகிறது.

இது ஒரு வீட்டின் சின்னக் கதை. ஆனால் இதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு ஒலி போகும் வழி யாருக்குச் சொந்தம்? அதைச் செய்தவருக்கா, காசு கொடுத்து வாங்கியவருக்கா? இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல.

சுவரிலிருந்து வந்த குரல்

1949ஆம் ஆண்டு ரெடிஃப்யூஷன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஒரு புதிய சேவையைத் தொடங்கியது. பார்ப்பதற்கு அது வானொலிப் பெட்டி போலவே இருக்கும். ஆனால் உள்ளே வானொலி கிடையாது. வெறும் ஸ்பீக்கர், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அவ்வளவுதான். நிகழ்ச்சி காற்றில் வராது. தெருவிலிருந்து வீட்டுக்குள் இழுத்த கம்பி வழியாக வரும். மாதக் கட்டணம் கட்ட வேண்டும்.

வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாத காலத்தில் அது பெரிய வரம். கரகரப்பு இல்லை. அலைவரிசையைத் தேடித் திருக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கம்பியைத் துண்டித்துவிட்டால் பெட்டி வெறும் மரம். வேறு எந்த நிலையத்தையும் அது கேட்காது. கம்பி, பெட்டி, நிகழ்ச்சி மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன.

அதே காலத்தில் தோட்டப்புறங்களில் வேறொரு காட்சி. அவசரகால ஆண்டுகளில் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுமக்கள் கூடிக் கேட்க வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசு தன் செய்தியைச் சொல்லவே அவற்றை வைத்தது என்பது உண்மைதான். இருந்தாலும் அந்தப் பெட்டி ஒரு கம்பிக்குக் கட்டுப்பட்டதல்ல. யார் செய்த வானொலியானாலும், யார் ஒலிபரப்பினாலும், அலைவரிசை ஒன்றாக இருந்தால் குரல் வந்துவிடும். லயத்து வீடுகளில் பிற்பாடு வந்த டிரான்சிஸ்டர் வானொலிகளும் அப்படித்தான். பிலிப்ஸ் பெட்டியிலும் நேஷனல் பெட்டியிலும் அதே தமிழ்ச் செய்திதான் வந்தது.

ரெடிஃப்யூஷனின் சிங்கப்பூர்ச் சேவை 2012 ஏப்ரலில் நின்றது. மலேசியாவில் அதன் வழிவந்ததுதான் இன்றைய 988 சீன மொழிப் பண்பலை வானொலி. அன்று ஒரு கம்பிக்கு மட்டும் காது கொடுத்த அந்த மரப்பெட்டிகளுக்கு இன்று பழம்பொருள் மதிப்பு மட்டுமே. டிரான்சிஸ்டர் வானொலியோ, மின்கலம் போட்டால் இன்றும் பாடும்.

தட்டுகளின் சண்டை, கேசட்டின் சமாதானம்

இசைத்தட்டு உலகமும் இந்தச் சண்டைக்குத் தப்பவில்லை. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் நீண்ட தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்றுத் தட்டோடு போட்டிக்கு வந்தது. ஒன்றின் தட்டு மற்றதன் கருவியில் ஓடாது. எதை வாங்குவது என்று தெரியாமல் மக்கள் குழம்பினார்கள். கடைசியில் ஆர்.சி.ஏ. இறங்கி வந்து, 1950இல் தானும் நீண்ட தட்டுகளை வெளியிட்டது. பிறகு எல்லா வேகத்திலும் சுழலும் கருவிகளே சந்தைக்கு வந்தன.

அதோடும் தொல்லை தீரவில்லை. தட்டில் ஒலியைப் பதியும்போது கீழ்ச்சுருதியைக் குறைத்தும் மேல்சுருதியைக் கூட்டியும் பதிவார்கள். கேட்கும்போது கருவி அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் தனிக் கணக்கு வைத்திருந்தது. 1954இல்தான் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் எல்லாருக்கும் ஒரே கணக்கை வகுத்தது. இன்றும் இசைத்தட்டுக் கருவிகள் அந்தக் கணக்கையே பின்பற்றுகின்றன.

அடுத்து வந்தது கேசட். 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது. 1965இல் குருண்டிக் முதலான ஜெர்மன் நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கேசட் ஒன்றைக் கொண்டுவந்தன. போட்டி கடுமையானது. அப்போது பிலிப்ஸ் ஒரு முடிவெடுத்தது. ஜப்பானின் சோனி பேரம் பேசியதைத் தொடர்ந்து, அளவுகளை மாற்றாமல் செய்கிற எவரும் உரிமைத்தொகை இல்லாமலேயே கேசட் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. ஓரிரு ஆண்டுகளில் ஜெர்மன் கேசட் காணாமல் போனது.

அந்த முடிவின் பயனை அனுபவித்தவர்களில் மலேசியத் தமிழர்களும் உண்டு. சென்னையில் பதிவான பாடல், ஈப்போ கடைத்தெருவில் வாங்கிய கேசட், ஜப்பானில் செய்த டேப் ரெக்கார்டர் மூன்றும் ஒன்றையொன்று முன்பின் அறியாதவை. இருந்தும் சேர்த்துப் போட்டால் பாடின. திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அந்தக் கேசட் எந்தப் பெட்டிக்குள்ளும் போனது. ‘இது எந்தக் கம்பெனி கேசட்?’ என்று யாரும் கேட்டதில்லை.

சிவப்பும் வெள்ளையும்

கருவிகளுக்கு இடையே ஓடும் கம்பியின் கதையும் இதுபோன்றதே. 1930களில் ஆர்.சி.ஏ. நிறுவனம் தன் பெட்டிகளுக்குள் இசைத்தட்டுக் கருவியையும் வானொலியையும் சேர்ப்பதற்காக ஒரு சின்னப் பிளக்கைச் செய்தது. மலிவானது, எளிமையானது. மற்றவர்களும் அதையே செய்யத் தொடங்கினார்கள். இன்று தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாகத் தெரிவது அதுதான். ஒரு நிறுவனத்தின் உள்வீட்டுப் பொருள், உலகத்துக்கே பொதுப் பொருளாகிவிட்டது.

ஐரோப்பியர்கள் வேறு வழியில் போனார்கள். ஜெர்மன் தர நிறுவனம் வகுத்த வட்டமான, ஐந்து கால் உள்ள பிளக் அவர்களுடையது. மலாயாவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பெட்டிகள் வந்தன. ஜெர்மன் பெட்டியையும் ஜப்பான் பெட்டியையும் சேர்க்க வேண்டுமா? கடைக்காரர் ஒரு பக்கம் ஐந்து கால், மறுபக்கம் சிவப்பு வெள்ளை வைத்து ஒரு கம்பியை ஈயம் வைத்துப் பற்றிக் கொடுப்பார். சில வெள்ளியில் வேலை முடிந்தது. அந்தக் காலத்துக் கம்பியில் போனது ஒலியின் மின்வடிவம். அதற்குப் பாஷை கிடையாது. எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஏதோ ஒரு சத்தமாவது வரும்.

1980களிலும் 1990களிலும் வீடு வீடாக வந்த ‘மினி கம்போ’வை மறக்க முடியுமா? வானொலி, கேசட், குறுந்தட்டு, ஆம்ப்ளிபயர் என்று தட்டுத் தட்டாக அடுக்கிய அழகு. ஆனால் பல மாடல்களில் அந்த அடுக்குகளைச் சேர்த்தது அந்த நிறுவனத்துக்கே உரிய பட்டைக் கம்பி. மின்சாரமும் கட்டளையும் அதன் வழியாகவே போகும். ஒரு தட்டு பழுதானால் மற்றவற்றைப் பிரித்து வேறு பெட்டியோடு சேர்க்க இயலாது. ஸ்டோர் ரூமில் அது தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் பலர். இன்று சிலிபின் வீட்டில் மௌனமாகிப்போன சப்வூஃபருக்கு அண்ணன் முறை அது!

எண்ணாக மாறிய ஒலி

1982 அக்டோபரில் ஜப்பானில் குறுந்தட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. சோனியும் பிலிப்சும் கைகோத்துச் செய்தது அது. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதி வைப்பதே அதன் வேலை. இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்து வினாடிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 சின்னக் குறிகள். ஒவ்வொன்றும் பூஜ்யம் அல்லது ஒன்று.

இந்த எண்களை அப்படியே ஆம்ப்ளிபயருக்குக் கொண்டுபோனால் என்ன? அதற்காகச் சோனியும் பிலிப்சும் சேர்ந்து வகுத்த முறைதான் எஸ்.பி.டி.ஐ.எஃப். அதன் பெயரில் உள்ள ‘எஸ்’ சோனி, ‘பி’ பிலிப்ஸ். பழைய ஆர்.சி.ஏ. பிளக்கே அதற்கும் போதுமானதாக இருந்தது. 1983இல் தோஷிபா நிறுவனம் அதே எண்களைச் செந்நிற ஒளியாக மாற்றி, பிளாஸ்டிக் இழை வழியாக அனுப்பும் வழியைக் கண்டது. தன் குறுந்தட்டுக் கருவியைத் தன் ஆம்ப்ளிபயரோடு சேர்க்கவே தோஷிபா அதைச் செய்தது. மற்ற நிறுவனங்களும் அதைத் தழுவிக்கொண்டன. ‘டாஸ்லிங்க்’ என்ற அந்த ஒளிக்கம்பி வாய், நாற்பது ஆண்டுக்குப் பிறகும் புதிய தொலைக்காட்சிகளின் பின்னால் இருக்கிறது.

இங்கே ஒரு மாற்றம் நடந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். பழைய கம்பியில் ஒலியே போனது. புதிய கம்பியில் எண் போகிறது. எண்ணுக்கு இலக்கணம் வேண்டும். எது முதல் எண், எது இடம், எது வலம், எத்தனை இலக்கம் என்று இரு பக்கமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் துல்லியமான இசை. இல்லையென்றால் முழு மௌனம். கரகரப்புக்கூட வராது. ஈயம் வைத்துப் பற்றும் கடைக்காரரால் இனி உதவ முடியாது. கம்பியின் சாவி முதன்முதலாக நிறுவனத்தின் சட்டைப் பைக்குள் போனது அப்போதுதான்.

பயம் போட்ட பூட்டு

எண்ணாக மாறிய ஒலிக்கு இன்னொரு குணம் உண்டு. நூறு முறை நகல் எடுத்தாலும் தேயாது. கேசட்டிலிருந்து கேசட் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒலி மங்கும். எண் மங்காது. 1987இல் எண்முறை ஒலிநாடாக் கருவி வந்ததும் இசைத்தட்டு நிறுவனங்கள் கலங்கிப்போயின. அவற்றின் நெருக்குதலில், ஒரு முறை நகலெடுத்ததை மறுபடி நகலெடுக்க விடாத குறி ஒன்று அந்தக் கம்பிக்குள்ளேயே வைக்கப்பட்டது. அமெரிக்கா 1992இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது.

பிறகு 1999இல் சோனியும் பிலிப்சும் ‘சூப்பர் ஆடியோ சி.டி.’ என்ற உயர்தரத் தட்டைக் கொண்டுவந்தன. அடுத்த ஆண்டு அதற்குப் போட்டியாக ‘டி.வி.டி. ஆடியோ’ வந்தது. ஐந்து திசையிலும் ஸ்பீக்கர், கூடவே ஒரு சப்வூஃபர். கச்சேரி மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற ஒலி.

ஆனால் பழைய கம்பி அதைச் சுமக்குமா? சூப்பர் ஆடியோ சி.டி.யின் ஆறு தடங்களுக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 69 லட்சம் குறிகள் தேவை. சாதாரணக் குறுந்தட்டைப் போல் சரியாகப் பன்னிரண்டு மடங்கு! இரண்டு தடத்துக்காக வகுத்த கம்பியால் அது இயலாது. அதைவிடப் பெரிய தடை, பயம். பூட்டில்லாத கம்பியில் உயர்தர எண்களை வெளியே விட இசை நிறுவனங்கள் சம்மதிக்கவில்லை.

விளைவு என்ன? அதிநவீனக் கருவியை வாங்கியவர், பின்னால் ஆறு பழைய ஆர்.சி.ஏ. கம்பிகளை வரிசையாகச் செருக வேண்டியதாயிற்று. எண்ணாக இருந்த ஒலியைக் கருவி மறுபடி மின்வடிவமாக மாற்றி அனுப்பியது. பென்ஸ் கார் வாங்கி மாட்டைக் கட்டி இழுத்த கதைதான்.

ஆளுக்கொரு கம்பி

இந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக வழி தேடியது. ஜப்பானின் டெனோன் நிறுவனம் ‘டெனோன் லிங்க்’ என்ற இணைப்பைச் செய்தது. இங்கிலாந்தின் மெரிடியன் நிறுவனம் ‘ஸ்மார்ட் லிங்க்’ என்று தன் கருவிகளுக்கு மட்டும் ஒரு வழி வகுத்தது. சோனியும் பயனியரும் கணினித் துறையில் 1995இல் தரப்படுத்தப்பட்டிருந்த ஒரு கம்பியை எடுத்து, பூட்டு போட்டு, ‘ஐ.லிங்க்’ என்ற பெயரில் தங்கள் உயர்விலைக் கருவிகளில் வைத்தன.

டெனோன் லிங்கின் பிளக், இணைய வசதிக்குப் பயன்படும் அதே சதுர வடிவப் பிளக். பார்த்தால் வேறுபாடே தெரியாது. ஆனால் அதில் ஓடிய பாஷை டெனோனுக்கு மட்டுமே புரிந்தது. டெனோனுக்குள்ளேயே பதிப்புகள் மாறின. மூன்றாம் பதிப்பில்தான் சூப்பர் ஆடியோ சி.டி.யின் ஒலி அதன் வழியாகப் போக முடிந்தது. ஆகவே, ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகளை வைத்திருந்தாலும் எது எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டிய நிலை.

ஐ.லிங்க் கதையும் அதேதான். வீடியோ கேமராவிலும் மடிக்கணினியிலும் அதே பெயரில் வாய் இருந்தது. அதை ஆம்ப்ளிபயரின் ஐ.லிங்க் வாயில் செருகினால் பாட்டு வந்துவிடாது. ஒரே வாசல், உள்ளே வெவ்வேறு வீடு.

இந்தக் காலத்தின் உச்சக் காட்சி 2008இல் நடந்தது. டெனோன் நிறுவனம் தன் இணைப்புக்கென்று ஒன்றரை மீட்டர் நீளக் கம்பி ஒன்றை 499 அமெரிக்க டாலர் விலையில் விற்றது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,600 வெள்ளி! அடிப்படையில் அது கணினிகளை இணைக்கும் கம்பியின் வகைதான். உலகம் முழுவதும் மக்கள் அதைக் கேலி செய்து எழுதினார்கள்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். இந்த நிறுவனங்கள் வேண்டுமென்றே மக்களை ஏமாற்றின என்று சொல்வது நியாயமாகாது. பொதுக் கம்பி இல்லாத காலத்தில், நல்ல ஒலியைத் தர அவை உண்மையாகவே முயன்றன. பிழை, அந்த வழியை மற்றவர்களுக்குத் திறக்காததில் இருக்கிறது. ஆர்.சி.ஏ. பிளக்கும் டாஸ்லிங்க்கும் ஒரு நிறுவனத்தின் வீட்டில்தான் பிறந்தன. ஆனால் ஊரார் வீட்டிலும் வளர்ந்தன. டெனோன் லிங்க் பிறந்த வீட்டை விட்டு வெளியே போகவேயில்லை.

ஏழு பேர் இழுத்த தேர்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஒலிக் கருவி உலகில் அது 2002 டிசம்பரில் நடந்தது. ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கன் இமேஜ், சோனி, தோம்சன், தோஷிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ. என்ற இணைப்பின் முதல் பதிப்பை வெளியிட்டன. படமும் ஒலியும் ஒரே கம்பியில். நகலெடுக்க விடாத பூட்டும் அதிலேயே இருந்ததால் இசை, திரைப்பட நிறுவனங்களின் பயமும் தணிந்தது.

தொடக்கத்தில் இதுவும் முழுமையாக இல்லை. 2004இன் பதிப்பு டி.வி.டி. ஆடியோவை ஏற்றது. 2005இன் பதிப்பு சூப்பர் ஆடியோ சி.டி.யையும் ஏற்றது. 2006இன் பதிப்பில் புதிய திரைப்பட ஒலி வகைகள் சேர்ந்தன. 2009இல், தொலைக்காட்சியின் ஒலி அதே கம்பியில் திரும்பி ஆம்ப்ளிபயருக்கு வரும் வசதி கிடைத்தது. ‘ஏ.ஆர்.சி.’ என்று தொலைக்காட்சியின் பின்னால் எழுதியிருப்பது அதைத்தான்.

இதன்பின் தனிக் கம்பிகளுக்கு வேலை குறைந்தது. ஐ.லிங்க் புதிய ஆம்ப்ளிபயர்களில் இடம் பெறாமல் போனது. டெனோன் லிங்க்கின் கடைசிப் பதிப்புகள், ஒலியைச் சுமக்கும் பொறுப்பை எச்.டி.எம்.ஐ.யிடமே ஒப்படைத்துவிட்டு, நேரத்தை ஒழுங்குபடுத்தும் துணைக் கம்பியாகச் சுருங்கின. பெரும் விலை கொடுத்து இரண்டு கருவிகளை ஜோடியாக வாங்கியவர்களுக்கு நேர்ந்தது என்ன? ஒன்று பழுதானால் மற்றதன் சிறப்பு வாய்க்கு ஜோடி கிடைப்பது அரிதானது. அதே கருவியின் பின்னால் இருந்த ஆறு பழைய கம்பிகளோ எந்த ஆம்ப்ளிபயரோடும் தொடர்ந்து உழைத்தன.

எச்.டி.எம்.ஐ.யும் இலவசப் பொதுச் சொத்து அல்ல. தயாரிப்பாளர்கள் அதற்கு உரிமத் தொகை கட்டுகிறார்கள். ஆனால் கட்டுகிற எவரும் உள்ளே வரலாம். அந்த ஒரு வேறுபாடு போதுமானதாக இருந்தது.

கம்பி போனது, பூட்டு போகவில்லை

மலேசியாவில் இந்த மாற்றம் எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது. 2009இன் இறுதியில் ஆஸ்ட்ரோவின் உயர்தரத் தொலைக்காட்சிச் சேவை எச்.டி.எம்.ஐ. வாயோடு வந்தது. 2019 அக்டோபர் 31ஆம் நாள் நாடு முழுவதும் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, எண்முறை ஒளிபரப்பு முழுமையானது. புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஆம்ப்ளிபயருக்கு ஒலி அனுப்பும் சிவப்பு வெள்ளை வாய் இல்லை. ஒளிக்கம்பியும் எச்.டி.எம்.ஐ.யும் மட்டுமே. பழைய ஆம்ப்ளிபயரை வைத்திருந்தவர்கள் கலங்கவில்லை. ஒளிக்கம்பியின் எண்ணைப் பழைய ஒலியாக மாற்றும் சின்னப் பெட்டி மலிவாகக் கிடைத்தது. காரணம், டாஸ்லிங்க்கின் இலக்கணம் எல்லாருக்கும் தெரிந்த இலக்கணம். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்ப்புப் பெட்டி செய்யலாம்.

இந்த அனுபவத்திலிருந்து உலகம் பாடம் படித்துவிட்டதா? இல்லை என்பதுதான் பதில். 2003இல் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் கருவிக்கு முப்பது கால் கொண்ட தன் சொந்த வாயை வைத்தது. அதைச் செருகிப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர்கள் விதவிதமாக வந்தன. 2012இல் அதே நிறுவனம் வாயை மாற்றியது. பழைய ஸ்பீக்கர்கள் ஒரே நாளில் பழம்பொருளாயின. 2023இல் மறுபடி மாற்றம். இம்முறை எல்லாருக்கும் பொதுவான யு.எஸ்.பி. சி வகை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் இயற்றி, 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, காதொலிக் கருவி, கையடக்க ஸ்பீக்கர் ஆகியவற்றுக்கு அந்தப் பொது வாய் இருந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமாக்கியது. சந்தை தானாகச் செய்யாததைச் சட்டம் செய்யவைத்தது.

கம்பியில்லா இணைப்பிலும் அதே இரு வழிகள்தான். புளூடூத் வழியாகப் பாட்டு அனுப்பும் எந்தக் கருவியும் ஒரு பொதுவான ஒலி வகையைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் நிறுவனங்கள் தங்கள் சொந்த உயர்தர வகைகளைச் சேர்க்கலாம். சொந்த வகை ஒத்துவராவிட்டாலும் பொது வகையில் பாட்டு வந்துவிடும். ஆனால் சவுண்ட்பாருக்கும் அதன் சப்வூஃபருக்கும் இடையே ஓடும் கம்பியில்லா இணைப்பு பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. பொது அடித்தளம் அங்கே கிடையாது. சிலிபின் வீட்டில் நடந்தது அதுதான்.

பயனீட்டாளர் கையில் என்ன இருக்கிறது?

வசதி உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயமல்ல. ஒன்று கெட்டால் ஜோடியாக இரண்டையும் புதிதாக வாங்கிவிடுவார்கள். தவணையில் வாங்குகிறவர், பழையதை வாங்குகிறவர், அண்ணன் வீட்டுப் பெட்டியைத் தம்பி வீட்டில் வைத்துக்கொள்கிறவர் ஆகியோருக்குத்தான் இந்தப் பூட்டு சுமை. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்கள் ஒவ்வொரு பொருளையும் அப்படிச் சிறுகச் சிறுகத்தான் சேர்த்தன.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இங்கே கை கொடுக்கிறது. என்ன காரியத்துக்காக வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லி, அவர் சொல்லை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 33ஆம் பிரிவு. ‘வீட்டில் உள்ள இந்த மாடல் ஆம்ப்ளிபயரோடு இது சேருமா?’ என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குவது ஒரு நிமிட வேலை. பிரச்சினை வந்தால் அந்த ஒரு வரி சாட்சி சொல்லும். நியாயமான காலம்வரை பழுதுபார்ப்பும் உதிரிப் பாகமும் கிடைக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. விற்கும்போதே ‘கிடைக்காது’ என்று தெரிவித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 50,000 வெள்ளிவரையிலான கோரிக்கையை, 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதியலாம்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் பெட்டியின் முன்னழகை எல்லாரும் பார்க்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு. அங்கே எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இருக்கிறதா? ஒளிக்கம்பி வாய் இருக்கிறதா? சிவப்பு வெள்ளை இருக்கிறதா? சப்வூஃபருக்குக் கம்பியும் செருகலாமா, கம்பியில்லாமல் மட்டும்தானா? ஆர்.சி.ஏ. வாய் உள்ள ஒரு சப்வூஃபர், நாளை எந்த நிறுவனத்தின் ஆம்ப்ளிபயர் வந்தாலும் பாடும். அந்த வாய் இல்லாதது, தன் ஜோடி இருக்கும்வரை மட்டுமே பாடும்.

சிலிபின் வீட்டில் அந்தப் பூந்தொட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்காரர் கடைக்குப் போவார். விற்பனையாளர் சத்தத்தைக் கூட்டி வைத்துக் காட்டுவார். அப்போது இவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “தம்பி, கொஞ்சம் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்க.”